வெள்ளத்தில் மூழ்கிய நெற்பயிரைக் கொல்வது எது?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நாகை, திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களின் கடைமடைப் பகுதிகளில் வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கு விவசாயிகளிடமிருந்து வரும் தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் இரண்டு வகை. மழைக்கு முன்பு வருவது: “புயல் வருகிறது என்கிறார்கள். அதற்குள் யூரியாவைப் போட்டுப் பயிரை உயரமாக வளர்த்துவிடலாமா சார்?” தண்ணீர் வடியத் தொடங்கியதும் வருவது: “எல்லாம் அழுகிவிட்டது, உழுதுவிடலாமா?” இரண்டு கேள்விக்கும் என் பதில் ஒன்றுதான்: பொறுங்கள். அப்படிச் சொல்வதற்கான காரணம் நெற்பயிரின் உயிரணுக்களுக்குள் இருக்கிறது. அதை விவசாயிகள் தெரிந்துகொண்டால் ஒவ்வொரு வெள்ளத்திலும் நாம் இழக்கும் பயிரில் ஒரு பகுதியையாவது மீட்க முடியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

நெல் தண்ணீரில் நிற்கும் பயிர்தானே, அதற்கு வெள்ளம் என்ன செய்யும் என்று கேட்பவர்கள் உண்டு. வேர் தண்ணீரில் நிற்பது வேறு, இலை நுனி வரை மூழ்குவது வேறு. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் வாயுக்கள் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகின்றன. இலை நுனி வெளியே இருக்கும் வரை தண்டிலும் வேரிலும் உள்ள காற்றறைகள் வழியாக ஆக்சிஜன் கீழே இறங்கிவிடும். நுனியும் மூழ்கிவிட்டால் அந்த வழி அடைபடுகிறது. கரியமில வாயு வருவதில்லை. கலங்கல் தண்ணீரில் வெளிச்சமும் இல்லை. ஆகவே புதிதாகச் சர்க்கரை உருவாவது ஏறக்குறைய நின்றுபோகிறது. ஆக்சிஜன் இருக்கும்போது ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து, உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. சுமார் 30 கிடைக்கும். ஆக்சிஜன் இல்லாமல் நொதித்தல் வழியில் கிடைப்பது இரண்டே இரண்டு. வரவு நின்றுவிட்ட நேரத்தில் செலவு பல மடங்கு பெருகுகிறது.

வெளியேற முடியாமல் தங்கிவிடும் இன்னொரு வாயு எத்திலீன். வாழையையும் மாம்பழத்தையும் பழுக்க வைக்கும் அதே எத்திலீன்தான். எல்லாத் தாவரங்களும் அதைச் சிறிதளவு உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. காற்றில் அது கலைந்துவிடும். தண்ணீருக்கடியில் திசுவுக்குள்ளேயே தேங்குகிறது. அந்தத் தேக்கத்தைத்தான் பயிர் ‘நான் மூழ்கிவிட்டேன்’ என்ற செய்தியாக எடுத்துக்கொள்கிறது. உடனே வளர்ச்சியை அடக்கிவைக்கும் அப்சிசிக் அமிலம் குறைகிறது, தண்டை நீட்டும் ஜிப்ரெலின் ஓங்குகிறது. ஜிப்ரெலினுக்குக் கடிவாளமாக இருப்பவை டெல்லா வகைப் புரதங்கள். ஜிப்ரெலின் பெருகியதும் அவை சிதைக்கப்படுகின்றன. கடிவாளம் அறுந்ததும் இலையும் இலையுறையும் நீளத் தொடங்குகின்றன.

தண்ணீருக்கு மேலே தலையை நீட்டத் தப்பித்து ஓடும் முயற்சி இது. வெள்ளம் முழங்கால் அளவு நின்றால் பலிக்கும். கடைமடையில் ஒரே இரவில் ஏறி, பத்து நாள் நிற்கும் வெள்ளத்தில் பலிக்காது. சேமித்து வைத்திருந்த மாவுச்சத்தையும் சர்க்கரையையும் எல்லாம் நீளத்துக்கே கரைத்துவிட்டு, தண்ணீர் வடிகிற நாளில் நிற்கத் தெம்பில்லாமல் பயிர் மடிந்து விழுகிறது. ஆகவே மூச்சடைப்பு மட்டும் அதைக் கொல்வதில்லை. தவறான நேரத்தில் வளர்ந்ததும் சேர்ந்தே கொல்கிறது.

ஆழநீர் நெல் இதே ஓட்டத்தை வெற்றிகரமாக ஓடுகிறது. வங்கதேசத்து ஆழநீர் நெல்லில் அதற்குக் காரணமான ‘ஸ்நார்கல் 1’, ‘ஸ்நார்கல் 2’ மரபணுக்களை ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் மோட்டோயுகி அஷிகாரியின் குழு 2009-இல் கண்டறிந்தது. அந்த நெல் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கும் மேல் உயரக்கூடியது. மாதக்கணக்கில் வெள்ளம் நிற்கும் நிலத்துக்கு அதுவே பொருத்தம். 2018-இல் இன்னொன்றும் தெரியவந்தது. 1966-இல் வந்த ஐ.ஆர். 8 ரகத்தைக் குட்டையாக்கியது ‘எஸ்.டி. 1’ என்னும் ஜிப்ரெலின் உற்பத்தி மரபணுவின் செயலிழந்த வடிவம். அதே மரபணு ஆழநீர் நெல்லில் எத்திலீனின் தூண்டுதலால் மும்முரமாக வேலை செய்து பயிரை உயர்த்துகிறது. நம் ஊர் மடுமுழுங்கி, காட்டுயானம் போன்ற நெடிய பாரம்பரிய ரகங்களை முன்னோர்கள் பள்ளக்கால் வயல்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்ததை நினைத்துப் பார்க்கிறேன். பசுமைப் புரட்சியில் விளைச்சலுக்காகக் குட்டை ரகத்துக்கு மாறினோம். பள்ளக்கால் வயல்கள் பள்ளக்காலாகவேதான் இருக்கின்றன.

ஓடாமல் ஒடுங்கிப் பிழைக்கும் நெல்லும் உண்டு. ஒடிசாவின் நாட்டு ரகம் ஒன்றிலிருந்து தேர்வு செய்யப்பட்ட எஃப்.ஆர். 13ஏ அத்தகையது. இரண்டு வாரம் முழுக மூழ்கிக் கிடந்தாலும் மீண்டும் தளிர்க்கும். அதன் ஆற்றல் 9-ஆம் குரோமோசோமில் ஒரே பகுதியில் பெரும்பாலும் அடங்கியிருப்பதை 1996-இல் ஆராய்ச்சியாளர்கள் கெனோங் ஷூவும் டேவிட் மெக்கிலும் காட்டினார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பமீலா ரொனால்டின் ஆய்வகமும் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து உழைத்ததில் 2006-இல் அந்த மரபணு அடையாளம் காணப்பட்டது. அதுதான் ‘சப்1ஏ’.

வியப்பு என்னவென்றால், ஸ்நார்கல் மரபணுக்களும் சப்1ஏ மரபணுவும் ஒரே குடும்பம். எத்திலீனின் செய்தியைக் கேட்டுப் பிற மரபணுக்களை இயக்கும் புரதங்களைத்தான் இரண்டும் உருவாக்குகின்றன. ஒரே செய்திக்கு ஒன்று ‘ஓடு’ என்கிறது, மற்றொன்று ‘அசையாதே’ என்கிறது. சப்1ஏ வேலை செய்யும்போது டெல்லா வகைக் கடிவாளப் புரதங்கள் பெருகுகின்றன. ஜிப்ரெலின் எவ்வளவு இருந்தாலும் தண்டு நீள்வதில்லை. பஞ்ச காலத்தில் குதிர் நெல்லை அளந்து அளந்து எடுக்கும் குடும்பத்தைப் போலப் பயிர் தன் மாவுச்சத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கிறது. ஜூலியா பெய்லி-செரஸின் குழு 2011-இல் காட்டிய இன்னொரு பயன்: நீர் வடிந்தபின் திடீரெனத் திரும்பும் ஆக்சிஜனால் வரும் தாக்குதலையும் இலை வாடலையும்கூட இந்த மரபணு உள்ள பயிர் நன்றாகத் தாங்குகிறது.

இந்த மரபணுவைப் பழக்கப்பட்ட ரகங்களுக்குள் கொண்டுவந்தது வழக்கமான ஒட்டுச்சேர்க்கை வழியில்தான். சந்ததிகளில் எது அந்த மரபணுவைப் பெற்றிருக்கிறது என்று மரபணுக் குறியீடுகளைக் கொண்டு பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். “இது மரபணு மாற்று நெல்லா?” என்று கூட்டங்களில் தவறாமல் கேட்கிறார்கள். இல்லை. நெல்லிலிருந்து நெல்லுக்கே வந்த மரபணு. 2009-இல் இந்த மரபணு சேர்ந்த ஸ்வர்ணா-சப்1 ரகம் இந்தியாவில் வெளியானது. தமிழ்நாட்டின் சம்பா பட்டத்துக்கு, பொன்மணி என்று நாம் அழைக்கும் சி.ஆர். 1009 ரகத்திலேயே சப்1 சேர்ந்த விதை கிடைக்கிறது. வெள்ளம் இல்லாத ஆண்டில் மூல ரகத்துக்கு இணையாக விளைகிறது. மூழ்கிய ஆண்டில் ஹெக்டேருக்கு 1 முதல் 3 டன் வரை கூடுதலாகத் தந்திருக்கிறது. ஒடிசாவைப் பற்றி 2013-இல் வந்த ஓர் ஆய்வை இங்கே சொல்லியாக வேண்டும். வெள்ளம் அதிகம் பாயும் தாழ்ந்த நிலங்கள் பட்டியல் சாதி விவசாயிகளிடமே கூடுதலாக இருப்பதால், இந்த ரகத்தால் அதிகப் பயன் பெறக்கூடியவர்களும் அவர்களே என்று அது காட்டியது. விதை விநியோகத்தில் யாருக்கு முன்னுரிமை என்று முடிவெடுப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

சப்1 எல்லா வெள்ளத்துக்கும் மருந்தல்ல. தூர் கட்டும் பருவம் வரை வரும் வெள்ளத்துக்கே அது கைகொடுக்கும். பூக்கும் நேரத்தில் மூழ்கினால் காப்பாற்றாது. ஒரு அடி, ஒன்றரை அடி தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கும் வயலில், ஒடுங்கி நிற்கும் குணமே பயிருக்குப் பாதகமாகும். நேரடி விதைப்பில் விதை மூழ்கினாலும் அது உதவாது. தண்ணீருக்கடியில் முளைக்கும் திறனை வேறு மரபணு ஆள்கிறது.

இனி அந்த இரண்டு கேள்விகளுக்கு வருகிறேன். மழைக்கு முன் யூரியா போடுவது, வளர்ச்சி ஊக்கி என்று கடைகளில் விற்கும் ஜிப்ரெலிக் அமிலக் கரைசலைத் தெளிப்பது இரண்டும், மூழ்கப்போகும் பயிரிடம் ‘ஓடு’ என்று நாமே சொல்வதாகும். தழைச்சத்து கொழித்த பயிரில் சேமிப்பு மாவுச்சத்து குறைவு. மூழ்கினால் அது முதலில் சாகும். கனமழை எச்சரிக்கை இருந்தால் மேலுரத்தைத் தள்ளிவையுங்கள். மழைக்கு முன் செய்ய வேண்டிய வேலை வடிகாலைத் தூர்வாருவது. அடுத்த பட்டத்துக்கு நாற்றங்காலில் நெருக்கமாக விதைக்காமல், தடித்த, சற்று முதிர்ந்த நாற்றை நடுங்கள்.

தண்ணீர் வடிந்ததும் மேல் இலைகள் வெளுத்து, சேறு படிந்து, அழுகிய வாடையோடு கிடக்கும். அதைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. வயலில் ஐந்தாறு இடங்களில் தூரைப் பிடுங்கி, வேருக்குச் சற்று மேலே தண்டை நீளவாக்கில் கத்தியால் பிளந்து பாருங்கள். நடுவில் குருத்தின் அடிப்பகுதி வெள்ளையாக, விரலால் அழுத்தினால் கெட்டியாக இருந்தால் அந்தத் தூர் உயிரோடு இருக்கிறது. பழுப்பேறிக் கொழகொழவென்று நசுங்கினால் இல்லை. பெரும்பாலான தூர்களில் குருத்து வெள்ளையாக இருந்தால், ஒரு வாரம் காத்திருங்கள். புதிய இலை எட்டிப் பார்க்கும். அந்த நாட்களில் வயலைச் சுள்ளென்ற வெயிலில் வெடிக்க விடாதீர்கள். சிதைந்த வேரால் உடனே நீர் உறிஞ்ச முடியாது. மெல்லிய நீர்ப்படலம் இருக்கட்டும். செத்த இடங்களில் வேறு நாற்றை நட்டுப் பாடுவாசி நிரப்புங்கள். தளிர் வந்த பிறகு யூரியாவோடு ஜிப்சமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் பொட்டாஷ் சேர்த்து இடலாம். அப்போது பயிருக்கு வளர்வதற்கான சர்க்கரையை உண்டாக்க இலை இருக்கும்.

விதை வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. சி.ஆர். 1009, சி.ஆர். 1009 சப் 1 இரண்டும் வயலில் ஒன்றுபோலவே தெரியும். வெள்ளம் வந்தால்தான் வேறுபாடு வெளிப்படும். பக்கத்து வயலில் வாங்கிய விதை கலப்பாக இருந்தால் அதை நீங்கள் அறிவது பயிர் செத்த பிறகுதான். ஆகவே சான்றட்டை உள்ள மூட்டையையே வாங்குங்கள். அட்டையில் ‘சப் 1’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். அறுவடை முடியும் வரை அட்டையையும் ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள்.