கதவடியில் ஒரு சென்டிமீட்டர்

கைபேசியை அதிர்வு நிலையில் வைத்து உள்ளங்கையில் பிடித்துக்கொள்ளுங்கள். அழைப்பு வந்தால் மெல்லிய உறுமல்தான் கேட்கும். அதையே மர மேசைமேல் வைத்தால் அடுத்த அறைவரை கேட்கிறது. கைபேசி அதேதான், ஆனால் இப்போது பலகையும் சேர்ந்து அதிர்ந்து, தன் பரப்பு முழுவதாலும் காற்றைத் தள்ளுகிறது. குளியலறைக் குழாய்க்கும் சுவருக்கும் உள்ள உறவு இதுதான்.

குளியலறைச் சத்தம் கூடத்துக்கு வர இரண்டு வழிகள் உண்டு: காற்று, கட்டடம். எது என்று தெரியாமல் செலவு செய்பவர்கள் பெரும்பாலும் சுவரில் பஞ்சு போன்ற ஃபோம் தகடுகளை ஒட்டிவிட்டு ஏமாறுகிறார்கள். ஃபோம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். சத்தம் வெளியேறுவதைத் தடுக்காது. தடுப்பதற்கு எடை வேண்டும். சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால் கோட்பாட்டின்படி 6 டெசிபல் கூடுதலாகத் தடுபடும்.

காற்று வழியில் முதல் குற்றவாளி கதவின் அடி இடைவெளி. 2 மீட்டர் உயரமும் 80 சென்டிமீட்டர் அகலமும் உள்ள கனமான கதவு 30 டெசிபல் தடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். அடியில் 1 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் அது கதவின் பரப்பில் 200-இல் ஒரு பங்குதான். ஆனால் தடுப்பு ஏறக்குறைய 22 டெசிபலாகச் சரிந்துவிடுகிறது. 10 டெசிபல் கூடினாலே சத்தம் இரு மடங்காகக் காதுக்குப் படும் என்பதால் இது சின்ன இழப்பல்ல. அடியில் ரப்பர் பட்டை பொருத்தினால் போனதில் பெரும்பகுதி திரும்பிவிடும். உள்ளே கூடான இலேசான கதவென்றால் இந்தப் பலன் குறைவு. கதவே சத்தத்தை விட்டுவிடும். ஒரு எச்சரிக்கை: எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு வேண்டிய காற்று அந்த இடுக்கு வழியாகத்தான் வருகிறது. அடைப்பதற்கு முன் வேறு காற்று வழி பாருங்கள். குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தால் இடுக்கில் கைவைக்கவே வேண்டாம்.

டைல்ஸ் பதித்த சுவர் தன்மேல் படும் ஒலியில் ஓரிரு சதவீதத்தையே உறிஞ்சுகிறது. மீதி உள்ளேயே சுழன்று வலுக்கிறது. தடித்த துண்டுகளைத் தொங்கவிட்டாலும் ஓரளவு அடங்கும்.

கட்டட வழிதான் தொல்லை பிடித்தது. கான்கிரீட்டில் ஒலி காற்றில் போவதைவிடச் சுமார் பத்து மடங்கு வேகமாகப் பாய்கிறது. கதவை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. குழாயை இறுகப் பிடித்திருக்கும் கிளாம்ப்தான் அதிர்வைச் சுவருக்குக் கடத்தும் பாலம். அங்கே ரப்பர் உறை போட்டால் பாலம் தளரும். சுவருக்குள் புதைந்த குழாய்க்கு இந்த வசதி இல்லை என்பதால், வீடு கட்டும்போதே யோசித்துவிடுவது மலிவு. மெல்லிய பிவிசி கழிவுநீர்க் குழாயைவிட வார்ப்பிரும்புக் குழாய் அமைதியானது; காரணம் மறுபடியும் எடைதான்.

குழாயைச் சட்டென்று மூடியதும் 'டம்' என்று கேட்கிறதா? ஓடும் நீர் திடீரென நிற்கும்போது எழும் அழுத்த அலை அது. உலோகக் குழாயில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடிய நீர் நின்றாலே 10 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் எகிறலாம். மெதுவாக மூடினால் எழாது.

ஃபிளஷ் தொட்டி நிரம்பும் சீறலுக்குக் காரணம், குறுகிய வால்வுத் துளையில் நீர் பிதுங்கிச் சுழிப்பது. சுவரோரம் உள்ள ஆங்கிள் வால்வைச் சற்றே மூடிப் பாருங்கள். அதிகம் மூடினால் அதுவே விசிலடிக்கும்; கொஞ்சம் திறந்துவிடுங்கள்.