கோதுமை ஆகாதவர்கள் உதட்டில் எதைப் பூசலாம்?

மார்கழியில் ஏற்காடு மலையேறினால் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் முடிவதற்குள் உதடு இழுக்கத் தொடங்கிவிடும். சுற்றிலும் பனிமூட்டம் இருந்தும் உதடு ஏன் காய்கிறது? 12 டிகிரி குளிரில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 11 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 34 டிகிரிச் சூட்டில் அதுவே 37 கிராமைத் தாங்கும். குளிர்ந்த காற்று உதட்டில் பட்டுச் சூடானதும் அங்கிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. உதட்டின் சிவந்த பகுதியில் வியர்வைச் சுரப்பி கிடையாது, எண்ணெய்ச் சுரப்பியும் இல்லையென்றே சொல்லலாம். மேல்தோலும் மெலிது. நாக்கால் நனைத்தால் எச்சில் ஆவியாகும்போது உதடு மேலும் காயும். எச்சிலில் உள்ள செரிமான நொதிகள் புண்ணையும் கிளறிவிடும்.

ஆகவே லிப் பாமின் முதல் வேலை, உள்ளே இருக்கும் ஈரம் போகாமல் மூடி போடுவதுதான்.

சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு இங்கே ஒரு கவலை கூடும். கோதுமை, பார்லி, ரை (கோதுமை போன்ற ஒரு தானியம்) ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலுக்குப் போனால் அவர்கள் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு குடலையே தாக்கும். குளூட்டன் தோல் வழியாக உள்ளே போவதில்லை. ஆனால் உதட்டில் பூசியது சிறிது சிறிதாக வயிற்றுக்குப் போகும். எவ்வளவு போகும்? 4.5 கிராம் லிப் பாம் குச்சி ஒரு மாதம் வந்தால் நாளுக்கு 150 மில்லிகிராம். முழுவதையும் விழுங்கியதாகவே வைத்துக்கொள்வோம். அதில் 2 சதவீதம் கோதுமைப் புரதம் இருந்தால் 3 மில்லிகிராம் உள்ளே போகும். சீலியாக் உள்ள பெரும்பாலோர் நாளுக்கு 10 மில்லிகிராம் வரை தாங்குவார்கள் என்பது மருத்துவர்களின் கணக்கு. பயந்து நடுங்க வேண்டிய அளவல்ல. ஆனாலும் சாப்பாட்டில் தெரியாமல் சேர்வதோடு இதுவும் சேரும் என்பதால் தவிர்ப்பதே நல்லது. (சமையலறைப் பெருங்காயத்தூளை முதலில் பாருங்கள். பெரும்பாலும் அதில் மைதா கலந்திருக்கும்.)

'குளூட்டன் ஃப்ரீ' என்று போட கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்ற இந்திய விதி உணவுக்கானது. லிப் பாமில் உட்பொருள் பட்டியலைத்தான் படிக்க வேண்டும். டிரிட்டிகம் என்றால் கோதுமை, ஹோர்டியம் என்றால் பார்லி, சீகேல் என்றால் ரை. 'ஹைட்ரோலைஸ்டு வீட் புரோட்டீன்' (சிறு துண்டுகளாக உடைத்த கோதுமைப் புரதம்) இருந்தால் வாங்காதீர்கள். அவேனா என்பது ஓட்ஸ். கோதுமை கலந்திருக்க வாய்ப்புண்டு. டோக்கோஃபெரில் அசிடேட் என்பது சுத்திகரித்த வைட்டமின் ஈ, அதற்கு அஞ்ச வேண்டாம். டேபியோக்கா ஸ்டார்ச்சும் அப்படித்தான். சேலத்து ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக்கிழங்கிலிருந்து எடுக்கிறார்களே, அதே மாவு.

எங்கள் பரிந்துரை, வாசனை சேர்க்காத வெறும் பெட்ரோலியம் ஜெல்லி. தானியமே இல்லாத பொருள், ஈரத்தையும் நன்றாகப் பிடித்து நிறுத்தும். மெந்தால், கற்பூரம், லவங்கப்பட்டை சேர்ந்தவை குளுகுளுவென்று இருந்தாலும் வெடித்த உதட்டை மேலும் எரியவைக்கும். டப்பாவைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சப்பாத்தி மாவு பிசைந்த விரலை ஒருவர் உள்ளே விட்டால் போதும், நகக்கண்ணில் இருந்த மாவு ஜெல்லியில் ஒட்டிக்கொள்ளும்.

வீட்டில் செய்ய, தேன்மெழுகு 10 கிராம், தேங்காய் எண்ணெய் 20 கிராம், மருந்துத் தரமான விளக்கெண்ணெய் 10 கிராம். கொதிக்கும் நீரின் மேல் கிண்ணத்தை வைத்து உருக்குங்கள். மெழுகு 62 முதல் 65 டிகிரிக்குள் உருகும். ஒரு துளியைக் குளிர்ந்த கரண்டியில் விட்டு ஆறியதும் தேய்த்துப் பாருங்கள். கட்டியாக இருந்தால் எண்ணெய், இளகினால் மெழுகு சேர்க்கவும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகுவதால், ஏற்காட்டுக்குச் சரியான பதம் சேலத்துச் சித்திரை வெயிலில் கூழாகிவிடும். அங்கே மெழுகு 13 கிராம் போடுங்கள். கிண்ணத்தில் ஒரு சொட்டு நீர் விழுந்தாலும் பூஞ்சை பிடிக்கலாம். தேன்மெழுகே சிலருக்கு ஒவ்வாது, உதடு அரித்தால் நிறுத்திவிடுங்கள்.

இரண்டு வாயோரமும் வாரக்கணக்கில் வெடித்தே இருந்தால் இரும்புச்சத்து, பி வைட்டமின் குறைபாடோ பூஞ்சையோ காரணமாகலாம். சீலியாக்கிலும் இரும்புச்சத்து குறையும். சந்தேகம் இருந்தால் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே, சீலியாக்கைக் கண்டறிய உதவும் டிடிஜி (tTG) இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் முடிவு 'இல்லை' என்று வரக்கூடும்.