தலைவர் கடைசியில் பேசினால்

தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது பினாங்கில் எங்கள் தண்ணீர்ப் பந்தல் குழு கூடும். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையோரம்தான் பந்தல், வருகிறவர்களுக்குச் சோறும் போடுவோம். கூட்டத்தில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எத்தனை கிலோ அரிசி?

ஒரு வருடம் தலைவர் உட்கார்ந்ததுமே, "80 கிலோ போதும், என்ன சொல்றீங்க?" என்றார். 11 பேரும் "சரிண்ணே" என்றோம். பூசத்தன்று மதியம் 2 மணிக்கெல்லாம் அண்டா காலி. பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவருக்கு மோர் மட்டும்தான் கொடுக்க முடிந்தது. எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

இத்தனைக்கும் பரிமாறும் அக்கா ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். பூசம் சனி, ஞாயிறோடு சேர்ந்து வருவதால் பிறை, பட்டர்வொர்த் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். அவரும் தலையாட்டினார். "எல்லாரும் சரிங்கிறாங்க, நான்தான் தப்பா நினைக்கிறேனோன்னு தோணுச்சு" என்றார் அப்புறம்.

அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் இதைத்தான் அளந்து பார்த்தார். தனியாகக் காட்டிய ஒரு கோட்டின் அதே நீளம் இந்த மூன்று கோடுகளில் எதற்கு? சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் முன்கூட்டியே பேசிவைத்த ஆட்கள் வரிசையாகத் தவறான கோட்டைச் சொன்னபோது, சோதனைக்கு வந்தவர்களின் பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தத் தவறோடு போனது. கூட்டத்தில் ஒருவராவது சரியாகச் சொன்னால் இந்தத் தடுமாற்றம் வெகுவாகக் குறைந்தது.

1906இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் நடந்தது நேர்மாறு. ஒரு மாட்டை வெட்டிச் சுத்தம் செய்தால் எவ்வளவு எடை நிற்கும் என்று சீட்டில் எழுதிப் போடும் போட்டி. ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 787 சீட்டுகளை வாங்கி வரிசைப்படுத்தினார். நட்டநடுவில் இருந்த எண் 1,207 பவுண்டு. உண்மை எடை 1,198. ஒருவர் கூட்டிச் சொல்வார், இன்னொருவர் குறைத்துச் சொல்வார். அவரவர் தனியாகக் கணித்ததால் பிழைகள் இரண்டு பக்கமும் விழுந்து ஒன்றையொன்று கழித்துக்கொண்டன. எங்கள் கூட்டத்தில் ஆடியது 11 தலை. இருந்தது ஒரே கணிப்பு.

1962இல் கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது, ஆலோசகர்கள் தயங்காமல் பேசட்டும் என்று அமெரிக்க அதிபர் கென்னடி சில கூட்டங்களுக்கு வராமலேயே இருந்தார்.

எங்கள் இப்போதைய தலைவர் கூட்டத்துக்கு வருகிறார், வாயைத்தான் திறப்பதில்லை. முதலில் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு, அதைப் போட ஒரு மைலோ டின். சராசரி எடுத்ததோடு அவர் விடுவதும் இல்லை. எல்லாரும் போன வருடக் கணக்கையே மனத்தில் வைத்து எழுதியிருந்தால் பிழை ஒரே பக்கம் சாயும். சராசரியால் அதைத் திருத்த முடியாது. அதனால் மிகப் பெரிய எண்ணையும் மிகச் சின்ன எண்ணையும் எழுதியவர்களிடம் காரணம் கேட்பார். ஓட்டெடுப்பு கிடையாது. முடிவும் பொறுப்பும் அவருடையவை.

போன முறை பெரும்பாலான சீட்டுகள் 90, 100 என்றிருந்தன. ஒன்றில் மட்டும் 130.

"ஏன்க்கா இவ்வளவு?"

"பக்கத்துப் பந்தல் இந்த வருஷம் போடலையாம். அந்த வரிசையும் நம்மகிட்டதானே வரும்?"

தலைவர் தன் சீட்டைக் கடைசியாகப் பிரித்துக் காட்டினார். 95. நாங்கள் வாங்கியது 125 கிலோ.