கவுன்சில்: அவையா, குழுவா?

தில்லியில் துவாரகாவிலோ ரோகிணியிலோ குடியிருக்கும் தமிழருக்குக் கவுன்சிலர் என்றால் வார்டில் ஓட்டு வாங்கி வென்றவர். கோல் மார்க்கெட்டில் அப்படி ஒருவர் கிடையாது. அது புது தில்லி நகராட்சி கவுன்சிலின் பகுதி. வார்டுத் தேர்தலே இல்லை. மத்திய அரசு அமர்த்துவோரும் அப்பகுதி எம்.பி., எம்.எல்.ஏ.க்களும்தான் உறுப்பினர்கள். ‘கவுன்சில்’ என்ற சொல்லின் பழைய பொருள் அங்கே இன்னும் மிச்சமிருக்கிறது.

லத்தீன் ‘கான்சிலியம்’ என்றால் அழைத்துக் கூட்டப்பட்டவர்கள். கம்பெனி ஆட்சிக்குப் பிரிட்டன் இயற்றிய 1773 ஒழுங்குமுறைச் சட்டம் வங்காள கவர்னர் ஜெனரலோடு நால்வரைக் கவுன்சிலாகச் சேர்த்தது. அவர்கள் பெயரையும் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். முடிவு பெரும்பான்மைப்படி. கிளாவரிங், மான்சன், பிரான்சிஸ் மூவரும் ஒரே கட்சி. கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் பக்கம் பார்வெல் மட்டும். தலைவரே 3க்கு 2 என்று தோற்றுக்கொண்டிருந்தார். சமமாகப் பிரிந்தால் மட்டுமே அவருக்குத் தீர்ப்பு ஓட்டு. 1776இல் மான்சன் இறந்த பிறகே அது பயன்பட்டது. இந்த முடக்கம் மீண்டும் நேராதிருக்க, குழுவை மீறும் அதிகாரத்தை 1786இல் கவர்னர் ஜெனரலாக வந்த காரன்வாலிஸுக்குச் சட்டமாகவே கொடுத்தார்கள்.

இன்றைய சொற்குழப்பத்தின் வேர் 1861 இந்திய கவுன்சில்கள் சட்டம். சட்டம் இயற்றும்போது மட்டும் 6 முதல் 12 வரை கூடுதல் நியமன உறுப்பினர்கள் வந்து அமர்வார்கள். அப்போதும் பெயர் கவுன்சில்தான். அந்தக் கிளை வளர்ந்து சட்டமன்றமானது. மூலக்குழு ஆளும் குழுவாகவே நின்றது. 1909இல்தான் அதில் முதல் இந்தியர், எஸ்.பி. சின்ஹா. தில்லியில் 1927 ஜனவரி 18 அன்று திறந்த, பின்னாளில் நாடாளுமன்றமான வட்டக் கட்டடத்துக்கும் ‘கவுன்சில் ஹவுஸ்’ என்றே பெயர். 1946 செப்டம்பர் 2இல் பதவியேற்ற இடைக்கால அரசும் சட்டப்படி வைஸ்ராயின் நிர்வாக கவுன்சில்; நேரு அதன் துணைத் தலைவர்.

ஆகவே ஒரே தமிழ்ச்சொல் போதாது. சட்டம் செய்வதற்கு ‘அவை’: தமிழ்நாட்டில் 1986 வரை இருந்தது சட்ட மேலவை. ஆள்வதற்கு ‘ஆட்சிக்குழு’. சிலப்பதிகாரத்து ஐம்பெருங்குழுவும் அரசனுக்குத் துணைநின்ற அமைச்சர், புரோகிதர், சேனாபதியர், தூதுவர், சாரணர்தான். மக்கள் தேர்ந்தவர்கள் அல்லர். பழைய வழக்கான ‘நிர்வாக சபை’யைத் தவிர்ப்பதே நல்லது. சபை என்றதும் விவாத மன்றம் நினைவுக்கு வந்துவிடுகிறது.

மொழிபெயர்ப்பில் அதிகம் சறுக்கும் இடம் ‘கவர்னர் ஜெனரல் இன் கவுன்சில்’. ‘கவுன்சிலில் உள்ள கவர்னர் ஜெனரல்’ அன்று. ‘ஆட்சிக்குழுவோடு சேர்ந்து முடிவெடுக்கும் கவர்னர் ஜெனரல்’. வேறுபாடு சிறியதல்ல: அதே 1861 சட்டம் அவசரச் சட்டத்தை அவர் தனியாகவே பிறப்பிக்க விட்டது. அதன் ஆயுள் 6 மாதம்.