காயம் ஆறிய பிறகு ஓட்டம்: மூச்சு வந்துவிடும், எலும்புக்கு நாள் வேண்டும்

பாடசாலைகளின் இல்ல மெய்வல்லுநர் போட்டி, பிறகு சித்திரைப் புத்தாண்டு மரதன் என்று ஆண்டின் முதல் நாலு மாதமும் மட்டக்களப்பில் ஓட்டக்காலம். அது முடிய இயன்மருத்துவ (பிசியோதெரபி) பிரிவுக்கு வருகிறவர்களில் பலருக்குக் காயம் புதிதல்ல. போன தடவை நொந்த அதே இடம் திரும்ப நோகிறது. ஒருவர் மூன்று கிழமை ஓய்வெடுத்தார், நோ போனது, பழையபடி 8 கிலோமீற்றர் ஓடினார், பத்து நாளில் நோ திரும்பிவிட்டது. ஓய்வு போதவில்லை என்று எண்ணி இன்னும் ஒரு மாதம் ஓடாமல் இருப்பார். பிறகு அதே 8 கிலோமீற்றர். ஓய்வில் பிழை இல்லை. ஓய்வு முடிந்ததும் தூரத்தைக் கூட்டிய விதத்தில்தான் பிழை.

ஓடாமல் விட்டால் இரண்டு மூன்று கிழமையிலேயே மூச்சின் வலு குறையத் தொடங்கும். திரும்ப ஓடினால் சில கிழமைகளில் அது வந்தும்விடும். எலும்பு அப்படியல்ல. அடி மேல் அடி வாங்கும் எலும்பு, தன்னைப் புதுப்பிக்கும்போது பழைய பகுதியை முதலில் அரித்து எடுத்துவிட்டுத்தான் அந்த இடத்தில் புதியதைக் கட்டுகிறது. அரிக்க மூன்று நாலு கிழமை, கட்டி முடிக்க ஏறத்தாழ மூன்று மாதம். இடைப்பட்ட நாட்களில் அந்த இடம் முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். தசையை எலும்போடு இணைக்கும் நாண்களும், குதிக்கால் நாண் போன்றவை, மெதுவாகத்தான் தேறும். ஆகவே ஐந்தாம் ஆறாம் கிழமையில் மூச்சு “இன்னும் ஓடலாம்” என்று சொல்லும். எலும்புக்கு வாய் இல்லை. திரும்பவும் காயப்படுவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

தொடங்குமுன் என்ன காயம் என்று தெரிந்திருக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே நோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கதிரையில் இருந்து, கணைக்கால் எலும்பின் உட்பக்க விளிம்பைப் பெருவிரலால் மேலிருந்து கீழே அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டு வாருங்கள். நாலு விரல் அகலத்துக்கு மேல் பரவலாக நொந்தால் பெரும்பாலும் அது எலும்பின் மேலுறையைச் சார்ந்த அழற்சி. ஒரு ரூபாய்க் குற்றி அளவான ஒரே இடத்தில் சுரீர் என்று நொந்தால், இரவில் படுத்திருக்கும்போதும் நொந்தால், எலும்பில் நுண்வெடிப்பு இருக்கலாம். அதற்கு எண்ணெய் போட்டு உருவுவது மருந்தாகாது. முதல் இரண்டு மூன்று கிழமையில் எடுத்த எக்ஸ்றே சுத்தமாக இருந்தாலும் வெடிப்பு இல்லை என்று சொல்ல முடியாது. அந்த வெடிப்பு எக்ஸ்றேயில் தெரியவே நாள் எடுக்கும். நோ இடுப்பு மடிப்பில், கணைக்கால் எலும்பின் முன்முகட்டில், பாதத்தின் மேல்பக்க நடுவில், அல்லது சின்னவிரலுக்குப் பின்னால் பாதத்தின் வெளியோரத்தில் இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். இந்த இடங்களில் வெடித்த எலும்பு இலகுவில் ஒட்டாது. இடுப்பு மூட்டுக் கழுத்தில் வந்த வெடிப்போடு ஓடினால் எலும்பு முழுதாக முறிந்து சத்திரசிகிச்சை வரை போகலாம்.

வைத்தியர் ஓடலாம் என்று சொன்ன பிறகும் காலைக் கேட்டுப் பார்க்க வேண்டும். 30 நிமிடம் வேகநடை நடந்து அன்றும் மறுநாள் காலையிலும் நோ இருக்கக் கூடாது. சுவரில் விரல்நுனியை மட்டும் வைத்துக்கொண்டு, முழங்கால் மடங்காமல், ஒற்றைக்காலில் குதியை உயர்த்தி இறக்குங்கள். 20 தடவையாவது முடிய வேண்டும். நல்ல கால் 25 செய்ய, காயப்பட்ட கால் 11இல் நடுங்கி நின்றால் கெண்டைத்தசை இன்னும் தயாரில்லை. அது தாங்காத சுமை நேரே நாணுக்கும் எலும்புக்கும்தான் போகும். கடைசியாக அதே ஒற்றைக்காலில் 10 துள்ளல். ஓட்டம் என்பதே ஒரு காலிலிருந்து மறுகாலுக்குத் துள்ளுவதுதான். 10 துள்ள நொந்தால் 1,000 தடவை துள்ளத் தேவையில்லை. இதில் தேறாதவர் ஓட்டத்தைத் தள்ளிப்போட்டு, ஒன்றுவிட்டொரு நாள் 15 குதியுயர்த்தலாக மூன்று சுற்றுச் செய்யட்டும்.

தேறியவருக்கு ஆறு கிழமை நடை-ஓட்டம். கிழமைக்கு மூன்று நாள், இரு ஓட்டங்களுக்கு இடையே ஒரு நாளாவது இடைவெளி. ஒவ்வொரு நாளும் முன்னும் பின்னும் 5 நிமிடம் நடை. முதற் கிழமை 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, எட்டுத் தடவை. மொத்தமாக ஓடியது 8 நிமிடந்தான். “இது ஒரு ஓட்டமா” என்று பலர் கேட்கிற இடம் இதுதான். இந்தக் கிழமையைத் தாண்டிக் குதித்தவர்களே பெரும்பாலும் திரும்பி வருகிறார்கள். இரண்டாம் கிழமை 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, ஆறு தடவை. மூன்றாவதில் 3 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை, ஐந்து தடவை. நாலாவதில் 5க்கு 1, நாலு தடவை. ஐந்தாவதில் 12 நிமிடமாக இரண்டு தடவை, நடுவில் ஒரு நிமிட நடை. ஆறாவதில் இடையில் நடக்காமல் 30 நிமிட ஓட்டம். வேகம், பக்கத்தில் வருபவரோடு முழு வசனம் பேசக்கூடிய அளவு. ஒரு கிழமையில் நோ வந்தால் முந்திய கிழமைக்கு இறங்குங்கள். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை.

நோவுக்கு 0 முதல் 10 வரை நீங்களே எண் கொடுங்கள். நாண், முழங்கால் சிரட்டைப் பக்கத்து நோ என்றால் 3 வரை பொறுத்து ஓடலாம். ஆனால் மறுநாள் காலை கட்டிலில் இருந்து இறங்கி வைக்கும் முதற் பத்து அடியில் விறைப்பு வழமையை விடக் கூடியிருந்தால் நேற்றைய தூரம் அதிகம். எலும்புக் காயத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே எண் 0ஆக இருக்க வேண்டும். ஓடுமுன் டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் போன்ற நோ மாத்திரை போட்டுக்கொண்டு வருவது கெட்ட பழக்கம். எண் சொல்ல வேண்டிய காலை அது ஊமையாக்குகிறது. வியர்த்து நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தையும் தாக்கலாம்.

30 நிமிடம் வந்த பிறகு தூரத்தை எப்படிக் கூட்டுவது? கிழமைத் தூரத்தை 10 வீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். 2008இல் நெதர்லாந்தில் 532 புதிய ஓட்டக்காரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு அந்த 10 வீத அளவில் மெதுவான திட்டம் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஐந்தில் ஒருவர் அளவில் காயப்பட்டார்கள். 2025இல் வெளிவந்த, 5,000க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் பதிவுகளைப் பார்த்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தை விட ஒரே ஓட்டம் 10 வீதத்துக்கு மேல் நீண்டபோதுதான் காயம் கூடியது. கிழமைக் கூட்டுத்தொகையில் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. எனவே கொப்பியில் எழுதி வைக்க வேண்டிய முதல் எண் இந்த மாதத்து மிக நீண்ட ஓட்டம். அது 5 கிலோமீற்றர் என்றால் அடுத்தது 5.5ஐத் தாண்டக் கூடாது, கூட வரும் நண்பர் 9 ஓடினாலும் சரி. மூன்று கிழமை கூட்டினால் நாலாவது கிழமை கூட்டாமல் சற்றுக் குறைத்து ஓடுங்கள். வேகப் பயிற்சியும் ஸ்பைக்ஸும் (ஆணி வைத்த ஓட்டச் சப்பாத்து) தூரம் நிலைத்த பிறகுதான். தூரத்தையும் வேகத்தையும் ஒரே கிழமையில் கூட்ட வேண்டாம்.

இனி எங்கே ஓடுவது. கல்லடிக் கடற்கரை அழகுதான், ஆனால் திரும்பத் தொடங்குகிறவருக்கு நல்ல இடமில்லை. இறுகாத மணலில் குதி புதைவதால் நாணும் கெண்டைத்தசையும் கூடுதலாக இழுபடும். கட்டாந்தரையில் ஓடுவதை விட ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். அலை நனைத்த இறுகிய மணல் சரிவானது. வடக்குப் பார்த்து ஓடினால் கடல் பக்கத்து வலக்கால் முழுத் தூரமும் தாழ்வில்தான் விழும். மட்டமான புல்தரை அல்லது போக்குவரத்துக் குறைந்த தார்வீதி போதும். மைதானத்தில் சுற்றுபவர் பாதித் தூரத்தில் திசையை மாற்றுங்கள். நமது ஊரில் ஏற்றம் என்றால் பாலங்கள்தான். கல்லடிப் பாலத்தில் ஏறுவது நாணையும் இறங்குவது முழங்காலையும் கேட்கும். இடைவிடாத ஓட்டம் 30 நிமிடத்தைத் தொடும்வரை அதை நடந்தே கடவுங்கள். முழங்கால் நோ உள்ளவர் வலக்கால் நிமிடத்துக்கு எத்தனை தடவை தரையில் படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். 80 என்றால் அதே வேகத்தில் 84 ஆக்குங்கள். அடி குறுகும், முழங்காலில் விழும் சுமையும் குறையும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயிலுக்கு முன் ஓடி முடியுங்கள். அந்த வெக்கையில் பழைய வேகத்தைத் தேட வேண்டாம். நோன்பு மாதத்தில் ஓடுபவர்கள் தூரத்தைக் கூட்டாமல் இருந்த அளவிலேயே வைத்து, ஓட்டத்தை நோன்பு திறந்த பிறகுக்கு மாற்றுவது நல்லது.

பயிற்றுநர்களிடமும் தாய்மாரிடமும் ஒன்று கேட்க வேண்டும். ஓடும் பெண்பிள்ளைக்கு மூன்று மாதம் மாதவிடாய் வராமல் நின்றால் அதைப் பயிற்சியின் பலன் என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் ஓடும் அளவுக்குச் சாப்பாடு போதவில்லை என்பதன் அடையாளம் அது. அந்த நிலையில் எலும்பு மெலியும், வெடித்தது இலகுவில் ஒட்டாது. வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். காலையில் வெறும் தேநீரோடு மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். ஓடி வந்ததும் சோறோ குரக்கன் பிட்டோ வயிறார இருக்கட்டும், நெத்தலியும் தயிரும் அடிக்கடி இருக்கட்டும்.

சித்திரை மரதனில் 10 கிலோமீற்றருக்குப் பெயர் கொடுக்கத் துடிப்பவர்கள் நாட்காட்டியைப் பின்னோக்கி எண்ணுங்கள். நடை-ஓட்டத்துக்கு 6 கிழமை. அப்போது நீண்ட ஓட்டம் 4 கிலோமீற்றர் அளவில் இருக்கும். அங்கிருந்து பத்துப் பத்து வீதமாகக் கூட்டி, இடையிடையே குறைத்து, 10 கிலோமீற்றரைத் தொட இன்னும் 13 கிழமை. மொத்தம் 19. நவம்பர் கடைசியில் அல்லது டிசம்பர் முதலில் தொடங்கியவருக்கே அது கைகூடும். ஜனவரியில் தொடங்கியவர் இந்தச் சித்திரையில் 5 கிலோமீற்றருக்குப் பெயர் கொடுக்கட்டும்.