லீச்சேட்: கசிவுநீரும் மீள்பாய்ச்சலும்

தமிழக-கேரள எல்லைச் சாவடியான வாளையாரில் குப்பை லாரிக்குப் பின்னால் பைக்கோடு மாட்டிக்கொண்டவர்களுக்கு லீச்சேட்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பின்கதவு இடுக்கில் சொட்டிச் சொட்டித் தார்ரோட்டில் கோடு போட்டுக்கொண்டே போகுமே, அந்தக் கறுப்புத் தண்ணீர்தான். தமிழில் 'கழிவுநீர்' என்றும், சாவடிக்கு அந்தப்பக்கம் 'மலினஜலம்' என்றும் எழுதிவிடுகிறார்கள். இரண்டும் சாக்கடைக்கும் பொருந்தும் என்பதுதான் சிக்கல். குப்பையின் ஊடே இறங்கி, கரைவதையெல்லாம் கரைத்துக்கொண்டு அடியில் வெளிவரும் நீர் மட்டுமே லீச்சேட்.

ரத்தம் குடிக்கும் அட்டைக்கும் இதற்கும் உறவில்லை, ஒலிதான் ஒன்று. இந்த 'லீச்', 'நனை, நீர் பாய்ச்சு' என்னும் பொருளுள்ள பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. மரச்சாம்பலில் நீரூற்றிக் காரநீர் வடிப்பதற்கும் பிறகு அதுவே பெயரானது.

தமிழில் 'ஊறல்நீர்' எனலாம்தான். ஆனால் எல்லையில் ஊறல் என்றால் கள்ளச்சாராயமும் மதுவிலக்குப் போலீஸும்தான் நினைவுக்கு வரும்! 'குப்பைக் கசிவுநீர்' போதும்.

இந்த நீரைக் குழாயில் சேகரித்து மறுபடி குப்பைமேட்டுக்குள்ளேயே விடுவதைச் சிலர் 'கசிவுநீர் மறுசுழற்சி' என்கிறார்கள். பழைய பாட்டிலை உருக்கிப் புதிது செய்வதற்கும் அதே சொல் என்பதால் குழப்பம். 'மீள்பாய்ச்சல்' என்பதே என் தேர்வு. வயலுக்குப் பாய்ச்சுவதுபோல ஈரம் கொடுப்பதுதானே நோக்கம்? மூடிக்கிடக்கும் காய்ந்த குப்பை எளிதில் மக்காது. ஈரம் சுமார் 35 முதல் 65 சதவீதம் இருந்தால் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாகும். தொடக்கத்தில் அமிலமாக வரும் கசிவுநீர், மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகியதும் நடுநிலைக்குத் திரும்பும். அதில் கரைந்திருக்கும் கரிமப் பொருளும் குறையும். பல பத்தாண்டு இழுக்கும் மக்கல் சில ஆண்டுகளில் நடந்து, மேடு அமிழ்ந்து, எரிவாயுவும் கிடைக்கும். அமெரிக்காவில் பொறியாளர் பிரெடெரிக் போலண்ட் 1970-களிலேயே இதைச் சோதித்துக் காட்டினார்.

அதற்காக எந்த மேட்டிலும் ஊற்றிவிடக்கூடாது. இந்தியாவின் 2016 திடக்கழிவு விதிகள் குப்பைநிரப்பு தளத்துக்கு 90 செ.மீ. இறுகிய களிமண்ணும், அதன்மேல் 1.5 மி.மீ. பாலிஎத்திலீன் விரிப்பும் கேட்டன. அடித்தளம் இல்லாத பழைய குவியலில் பாய்ச்சினால் அது பக்கத்துக் கிணற்றுக்குத்தான் போகும். விரிப்பு இருந்தாலும் அம்மோனியா இந்தச் சுற்றில் கழிவதில்லை, சேர்ந்துகொண்டே போகும். கடைசியில் வெளியேற்றும் நீரைத் தனியாகச் சுத்திகரித்தே ஆகவேண்டும்.