மோட்டிவேஷன் என்றால் உந்துதல் இல்லை

குழுத் தலைவர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்று மெய்ப்புப் பார்க்க வந்தது. மூன்றாம் பக்கத்திலேயே "உங்கள் குழுவினரை நாள்தோறும் உந்துங்கள்" என்று இருந்தது. அடுத்த பக்கத்தில் "உந்தப்பட்ட ஊழியரே சிறந்த ஊழியர்". மோட்டிவேஷனைத்தான் இப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். பயிற்சி வகுப்புகளிலும் சுற்றறிக்கைகளிலும் இந்த உந்துதலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

சொல்லின் பிறப்பு இதுதான். லத்தீனில் 'மொவேரே' என்றால் நகர்த்து. அதிலிருந்து மோட்டிவ், அதாவது ஒரு செயலுக்கு உள்ளிருக்கும் காரணம். அதிலிருந்து மோட்டிவேஷன். மோட்டார், மொமென்டம் இரண்டுக்கும் அதே வேர்தான்.

சிக்கலும் அங்கேதான். மோட்டார் வண்டிகளுக்கு உந்து என்று வைத்தோம். பேருந்து நன்றாகவே நிலைத்துவிட்டது. மொமென்டத்துக்கு உந்தம் என்று இயற்பியல் பாடத்தில் படிக்கிறோம். வேர் ஒன்றுதானே, மோட்டிவேஷனுக்கும் உந்துதல் என்று வைத்துவிடலாம் என நினைத்துவிட்டார்கள். ஒரு சொல்லுக்கு இன்று என்ன பொருளோ அதைத்தான் மொழிபெயர்க்க வேண்டும். அதன் பாட்டன் என்ன தொழில் செய்தார் என்று பார்த்துப் பெயர் வைக்கக் கூடாது.

தமிழில் உந்துதல் என்றால் தள்ளுதல். படகைக் கழியால் உந்துகிறோம். மனத்தைப் பற்றிப் பேசும்போதும் "ஏதோ ஒரு உந்துதலில் சொல்லிவிட்டேன்" என்கிறோம். யோசிக்காமல் சொல்லிவிட்டேன் என்று அர்த்தம். "யாருடைய உந்துதலில் இதைச் செய்தாய்?" என்று கேட்டால், பின்னால் யாரோ ஏவிவிட்டதாகச் சந்தேகம். மோட்டிவேஷன் இந்த இரண்டும் இல்லை.

சரி, அப்படியானால் எது? ஊக்கம். ஊக்குதல் என்றால் தானே முனைந்து ஒரு வேலையில் இறங்குதல். "செய்வினை ஊக்கார் அறிவுடையார்" என்கிறது குறள் 463. வரப்போகும் லாபத்தை எண்ணி முதலையே இழக்கும் வேலையில் அறிவுள்ளவர் இறங்க மாட்டார். ஊக்கமுடைமைக்குத் தனி அதிகாரமே உண்டு. அதன் முதல் குறள் "உடையர் எனப்படுவது ஊக்கம்" என்று தொடங்குகிறது. ஊக்கம் ஒருவருடைய சொந்த உடைமை என்று அப்போதே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

சொந்த உடைமை என்றால் இன்னொருவர் அதில் செய்ய என்ன இருக்கிறது? அதற்குத்தான் ஊக்குவித்தல். செய்தேன், செய்வித்தேன் போல இது பிறவினை. "அவரை உந்தினேன்" என்றால் செயல் முழுக்க என்னுடையது. அவர் தள்ளப்பட்ட பொருள். "அவரை ஊக்குவித்தேன்" என்றால் ஊக்கம் கொண்டவர் அவர்; நான் அதற்கு வழி செய்தவன். அந்த ஒரு 'வி'க்குள் தலைமைப் பாடத்தில் பாதி அடங்கிவிடுகிறது.

இந்த வேறுபாட்டை மோட்டிவேஷனை ஆராயும் உளவியல் துறையே வலியுறுத்துகிறது. அமெரிக்க உளவியலாளர் பிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க், பொறியாளர்களும் கணக்கர்களுமாகச் சுமார் 200 பேரிடம் வேலையில் நிறைவும் வெறுப்பும் தந்தவை எவை என்று கேட்டு, 1959-இல் முடிவை வெளியிட்டார். சம்பளம், மேற்பார்வை, நிறுவன விதிகள் ஆகியவை மோசமானால் வெறுப்பு வரும். சரியானால் வெறுப்பு போகும், அவ்வளவுதான். ஊக்கம் தருபவை வேறு: சாதித்த நிறைவு, அங்கீகாரம், பொறுப்பு, வேலையின் ஈர்ப்பு. உதைத்து நகர்த்துவது மோட்டிவேஷன் ஆகாது, வெறும் நகர்வுதான் என்று 1968-இல் ஒரு கட்டுரையில் எழுதினார். அவர் எதை மோட்டிவேஷன் இல்லை என்றாரோ, அதையே நாம் அதற்குப் பெயராக வைத்திருக்கிறோம்.

சொல் தவறினால் நடத்தையும் தவறும். இப்படி ஒரு வகுப்புக்குப் போய்வந்த இளம் குழுத் தலைவர் ஒருவரை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். மறுநாளிலிருந்து மணிக்கு ஒரு முறை ஒவ்வொரு நாற்காலிக்கும் பின்னால் வந்து நின்று "எவ்வளவு முடிந்தது?" என்று கேட்டார். நல்ல மனிதர்தான்; உந்தச் சொன்னார்கள், உந்தினார். பக்கத்துக் குழுவின் தலைவி, மாத அறிக்கையைப் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் கொடுத்து, "இனி இது உங்களுடையது. மேலிருந்து கேள்வி வந்தால் நீங்களே பதில் சொல்லுங்கள்" என்றார். இரண்டு மாதம் யாரும் கவனிக்காத ஒரு கூட்டல் பிழையை அந்தப் பெண் மறுநாளே கண்டுபிடித்துவிட்டாள்.

ஊக்கத்தொகை, ஊக்கமருந்து என்றெல்லாம் வந்து ஊக்கம் என்ற சொல்லே கெட்டுவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். ஒட்டிக்கொண்ட சொல்லின் குற்றத்தை ஊக்கத்தின் தலையில் போடுவது நியாயம் இல்லை. உத்வேகம் வேண்டும் என்பவர்களும் உண்டு. சமஸ்கிருதத்தில் அதற்குக் கலக்கம், படபடப்பு என்று பொருள். கீதையில் 'அனுத்வேககரம்' என்பது பிறர் மனத்தைக் கலக்காத பேச்சு. தமிழில் பொருள் மாறிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையருகே ஊக்கம் இருக்கும்போது அது எதற்கு? உற்சாகப்படுத்துதல் நல்ல சொல்தான். அது அன்றைய சோர்வைப் போக்கும், அதற்கு மேல் எட்டாது.

அதே கையேட்டில் "குழுவுக்குத் தலைமை தாங்குதல்" என்றும் ஒரு தலைப்பு. தலைமை தாங்குவது விழாவுக்கும் கூட்டத்துக்கும். நாள்தோறும் கூடவே நின்று வேலை பார்க்கும் குழுவை வழிநடத்துகிறோம். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டிவிட்டு, வாக்கியத்தை ஒரு முறை வாய்விட்டுப் படிக்காமலே அனுப்பிவிடுகிறார்கள். எனக்குத் தீராத வருத்தம் இது.

கையேட்டில் 14 இடத்தில் உந்துதல் இருந்தது. பதினொன்றை ஊக்கம், ஊக்குவித்தல் என்று மாற்றினேன். மூன்றை அப்படியே விட்டேன். கோபத்தில் எழுந்த உந்துதலில் பதில் மின்னஞ்சல் அனுப்பாதீர்கள் என்று சொல்லும் பகுதி அது. அங்கே அதுதான் சரியான சொல்.